எண்ணெய் குடித்த பந்து

பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு என் பௌலிங் பந்து ஒன்றை 350 ரிங்கிட்டுக்கு விற்றேன். விற்கும்போதே அது செத்த பந்து என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் விற்றேன். முதல்நாள் இரவு வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து, கீறல் எதுவும் தெரியாதபடி பளபளவென்று அதற்கு மெருகு போட்டேன். அந்தப் பையன் என் லீக் குழுவில் பத்தாண்டு என்னோடு ஆடிய ஓர் அண்ணனின் மகன். என்னை மாமா என்று கூப்பிடுகிறவன்.

இது நடந்து மூன்று ஆண்டு ஆகிறது. அவன் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டேன். ஆனாலும் எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஒரு பந்தைக் கவனிக்காமல் விட்ட சோம்பல் எப்படி ஒரு பிள்ளையை ஏமாற்றுகிற அளவுக்கு வளர்ந்தது என்பதை நானே இன்னும் முழுதாக எண்ணிப் பார்த்து முடிக்கவில்லை.

பௌலிங் என்றதும் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். இங்கே மலேசியாவில், பேரங்காடிகளின் மேல்மாடியில் பத்துப் பின்களை நிறுத்தி உருட்டி விழுத்துகிற ஆட்டத்துக்கும் அதே பெயர். தொழிற்சாலை வேலை முடிந்து புதன்கிழமை இரவுகளில் நாங்கள் லீக் ஆடுவோம். குழுவுக்கு நான்கு பேர், ஆளுக்கு மூன்று ஆட்டம். இருபது ஆண்டாக ஆடுகிறேன். நூற்றெண்பதுக்கு மேல் சராசரி வைத்திருந்தேன். அதனாலேயே புதியவர்கள் என்னிடம் யோசனை கேட்பார்கள்.

இந்த ஆட்டத்தில் பாதி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு நடக்கிறது. பந்து உருளும் பாதைக்கு லேன் என்று பெயர். உருட்டுகிற கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அகலத்தில் 39 பலகை. அதன் மேல் ஓர் இயந்திரம் ஓடி எண்ணெய் பூசிவிட்டுப் போகும். ஒரு லேனுக்கு மொத்தமே 20 முதல் 30 மில்லிலிட்டர். தோசைக்கல்லில் ஊற்றுகிற எண்ணெய் அளவுதான். அதையும் முழு நீளத்துக்குப் பூசுவதில்லை. ஏறக்குறைய முதல் 40 அடிக்குப் பூசிவிட்டு, கடைசி இருபது அடியை உலர்வாக விடுவார்கள். எண்ணெய் இருக்கும் வரை பந்து வழுக்கும். உலர்ந்த பலகையைத் தொட்டதும் பிடித்துத் திரும்பும். பிறகு நேராக உருண்டு பின்களில் மோதும். வழுக்கு, திரும்பு, உருள் என்ற இந்த மூன்றும் சரியான இடத்தில் நடந்தால்தான் ஸ்ட்ரைக், அதாவது ஒரே உருட்டில் பத்துப் பின்னும் விழும்.

சாதாரண நாளில் பூசுவது நடுவில் கனமாகவும் ஓரங்களில் மெல்லிசாகவும் இருக்கும். வெளியே தவறிப் போன பந்து உலர்ந்த ஓரத்தைப் பிடித்துத் திரும்பி வந்துவிடும். உள்ளே தவறியது எண்ணெயில் வழுக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விடும். ஆடுகிறவன் செய்யும் பிழையை லேனே மன்னித்துவிடும். போட்டிகளுக்கு அப்படிப் பூசமாட்டார்கள். ஓரத்துக்கும் நடுவுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. நீளமும் மாறும்: 35 அடியில் முடிகிற குட்டைப் பூச்சு உண்டு, 45 அடியைத் தாண்டும் நீளப் பூச்சு உண்டு. பூச்சின் நீளத்திலிருந்து 31ஐக் கழித்தால், பந்து எந்தப் பலகையில் எண்ணெயை விட்டு வெளியே வர வேண்டும் என்று ஒரு உத்தேசக் கணக்கு கிடைக்கும். 41 அடி என்றால் பத்தாவது பலகை, 36 அடி என்றால் ஐந்தாவது பலகை. இதை நான் பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் ஆட்டத்தில் கடைப்பிடித்தது குறைவு.

லேன் மாறியபோதெல்லாம் நான் பந்தைத்தான் மாற்றினேன். அது என் முதல் குற்றம். ஆட்டம் போகப்போக பந்துகள் எண்ணெயைத் துடைத்துக்கொண்டு போகும். முதல் ஆட்டத்தில் வழுக்கிய இடம் மூன்றாவது ஆட்டத்தில் பிடிக்கும். வலக்கைக்காரன் இடப்பக்கமாக இரண்டு பலகை நகர்ந்து நின்று, குறியை ஒரு பலகை நகர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். நகர்வதற்குக் காசு வேண்டாம், கவனம் வேண்டும். பந்தின் மேல் படிந்திருக்கிற எண்ணெய் வளையங்களைப் பார்த்தாலே அது எப்படிச் சுழன்றது, எவ்வளவு எண்ணெயைக் கடந்து வந்தது என்று தெரியும். நான் பார்க்கவில்லை. ஒரு மாதம் சராசரி இறங்கினால், பந்து விற்கிற புரோ ஷாப்பில் போய் நின்றேன். ஐந்து ஆண்டில் ஏழு பந்து வாங்கினேன். நல்ல பந்து ஒன்று துளை போட்டு முடிக்க எண்ணூறு ரிங்கிட்டைத் தாண்டும். வீட்டில் ஒரு விலை சொன்னேன், கடையில் ஒரு விலை கொடுத்தேன். என் மனைவிக்கு அது இப்போது தெரியும்.

ஒவ்வொரு பந்தும் ஒவ்வொரு லேனுக்கு என்பது உண்மைதான். கனமான எண்ணெயில் சொரசொரப்பான மேல்தோல் உள்ள பந்து வேண்டும். வழுக்கலை ஊடுருவி அதுதான் பலகையைப் பிடிக்கும். காய்ந்துபோன லேனில் மெருகேறிய பந்து. இல்லாவிட்டால் பாதி வழியிலேயே திரும்பிவிடும். குட்டைப் பூச்சுக்கு யூரித்தேன் பந்து சாந்தமாக, ஒரே சீராகத் திரும்பும். ஓரத்தில் தனியாக நிற்கும் பத்தாம் பின்னை எடுக்க, திரும்பவே திரும்பாத பிளாஸ்டிக் பந்து. நான்கு வகை என்று சொன்னாலும், இவற்றில் இரண்டுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை ஒரு உப்புத்தாளால் உண்டாக்கிவிடலாம். அதே பந்தை 500ஆம் நம்பர் தாளில் தேய்த்தால் கன எண்ணெய்க்கு ஆகும். 2000, 4000 என்று ஏற்றினால் நடுத்தர எண்ணெய்க்கு ஆகும். அதற்குமேல் பாலிஷ் போட்டால் காய்ந்த லேனுக்கு. யு.எஸ்.பி.சி. என்கிற அமெரிக்க பௌலிங் அமைப்பு, பந்தின் ஓட்டத்தை எது அதிகம் தீர்மானிக்கிறது என்று பல காரணங்களை வைத்து அளந்து பார்த்தது. உள்கருவின் வடிவம், துளையிடும் விதம் எல்லாவற்றையும் தாண்டி மேற்பரப்பின் சொரசொரப்புதான் முதலில் வந்தது. கடையில் நாம் மயங்கிப் பார்ப்பது உள்கருவின் படத்தை. வேலை செய்வது தோல்.

தோலின் கதை பழையது. 1973இல் டான் மெக்யூன் என்ற அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் தன் பிளாஸ்டிக் பந்தை ஒரு ரசாயனக் கரைப்பானில் ஊறவைத்து, மேல்தோலை மென்மையாக்கி ஆடினார். அந்த ஒரே ஆண்டில் ஆறு பட்டம் வென்றார். ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகவும் ஆனார். அப்போது அதைத் தடுக்க விதி கிடையாது. அதற்குப் பிறகுதான் பந்து இவ்வளவு கடினமாக இருக்க வேண்டும் என்று அளவு வைத்தார்கள். இந்தக் கதையை அந்தப் பையனுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்பான். தோலில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

1990களின் தொடக்கத்தில் ரியாக்டிவ் ரெசின் பந்துகள் வந்தன. நான் வாங்கியதில் பெரும்பாலானவை அவைதான். இவற்றின் தோலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. உருளும்போது லேனில் இருக்கும் எண்ணெயை அவை உறிஞ்சும். மேற்பரப்பு உலர்வதால் பலகையைப் பிடிக்கும். அதன் பலம் அதுதான். ஆனால் துளைகள் நிரம்பிவிட்டால் எண்ணெய் போக இடமில்லை. பந்துக்கும் பலகைக்கும் நடுவே படலமாக நிற்கும், பந்து வழுக்கிக்கொண்டே போகும். கூடவே, ஆடஆடத் தோலின் சொரசொரப்பும் தேய்ந்து வழவழப்பாகிவிடும். இரண்டும் சேரும்போது, ஆட்டக்காரர்கள் சொல்வதுபோல, பந்து செத்துவிட்டது.

அதைச் சாகவிடாமல் வைத்திருக்க என்ன செய்ய வேண்டும் என்பது யாருக்கும் தெரியாத வித்தை இல்லை. ஒவ்வொரு முறை உருட்டுவதற்கு முன்னும் துண்டால் துடைக்க வேண்டும். ஆடி முடித்ததும், பந்து சூடு ஆறுவதற்குள், கிளீனர் தெளித்து அழுத்தித் துடைக்க வேண்டும். யு.எஸ்.பி.சி. விதிப்படி இப்போது, போட்டி நடக்கும்போது திரவம் எதுவும் பயன்படுத்தக்கூடாது, உலர்ந்த துண்டு மட்டும்தான். அதனால் முடிந்த பிறகு துடைப்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. ஐம்பது, அறுபது ஆட்டத்துக்கு ஒருமுறை தோலைத் தேய்த்துப் புதுப்பிக்க வேண்டும். காரில் வைக்கக்கூடாது.

நான் இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. லீக் முடிந்ததும் பந்தை ஈரத்தோடு பையில் போட்டுக் கார் பூட்டில் வைத்துவிட்டு, மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் தேநீர் குடிக்கப் போவோம். பேச்சு நள்ளிரவு வரை போகும். பந்து அங்கேயே கிடக்கும். மறுநாள் தொழிற்சாலை வாசலில் வெயிலில் எட்டு மணி நேரம் கார் நிற்கும். நம் ஊர் வெயிலில் பூட் அடுப்பாகிவிடும். உள்ளே போன எண்ணெய் வியர்வைபோல வெளியே கசிந்து பையின் துணியில் ஊறும். மாலையில் சூடு தணிந்ததும் மீதியைப் பந்து திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த புதன்கிழமை பையைத் திறக்கும்போது ஒரு வாடை வரும். அந்த வாடை எனக்குத் தெரியும். தெரிந்தும் ஜிப்பை மூடினேன்.

ஏழு பந்தில் மூன்றாவதுதான் அது. கருநீலத்தில் சிவப்புத் தீற்றல் ஓடும் பதினான்கு பவுண்டுப் பந்து. வாங்கிய புதிதில் அதைப்போல ஒரு பந்து என் கைக்கு வந்ததில்லை. நாற்பதடி தாண்டியதும் திரும்பி, பின்களை மோதும் ஓசையே வேறாக இருக்கும். நூற்றைம்பது ஆட்டத்துக்குள் அது திரும்புவதை நிறுத்திவிட்டது. பத்தாம் பின் நின்றுகொண்டே இருந்தது. பந்து சரியில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். ஒதுக்கி வைத்துவிட்டு வேறொன்று வாங்கினேன்.

அப்போதுதான் அண்ணன் கேட்டார். “தம்பி, பையன் தேர்வுப் போட்டிக்குப் போகணும்னு நிக்கிறான். கடைப் பந்த வச்சுக்கிட்டு எப்படி? புதுசு வாங்க எனக்கு இப்ப முடியாது. உங்ககிட்ட பழசு ஏதாச்சும் இருக்கா?”

அவர் லாரி ஓட்டுகிறவர். அந்த ஆண்டு வேலை சரியில்லை. இலவசமாகவே கொடுத்திருக்கலாம். கிளீனரும் உப்புத்தாளும் வாங்கி, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து சரிசெய்து கொடுத்திருக்கலாம். அல்லது, “அண்ணே, இந்தப் பந்து எண்ணெய் குடிச்சுப் போச்சு, எடுத்துக்கிட்டுப் போய்ச் சுத்தம் பண்ணிப் பாருங்க” என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். நான் அடுத்த பந்துக்குக் காசு தேவைப்பட்ட நிலையில் இருந்தேன். “நல்ல பந்து ஒண்ணு இருக்கு அண்ணே, அதிகம் ஆடல, 350 குடுங்க போதும்” என்றேன். அதிகம் ஆடவில்லை என்பது பொய். நல்ல பந்து என்பது நான் நம்பாத வார்த்தை.

அன்றிரவு பாலிஷ் போட்டேன். பழைய பனியன் துணியில் பாலிஷை ஊற்றி, வட்டம் வட்டமாகத் தேய்த்தேன். கீறல்கள் மறைந்தன. பின்கட்டு விளக்கு அதில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. விற்கிற பந்துக்கு எது தேவையோ அதைச் செய்தேன். ஆடுகிறவனுக்கு எது தேவை என்று யோசிக்கவில்லை. ஏற்கெனவே எண்ணெய் நிரம்பி வழுக்கிக்கொண்டிருந்த பந்து அது. அதன் தோலில் மிச்சமிருந்த கொஞ்சநஞ்சச் சொரசொரப்பையும் மெருகு போட்டு மூடினேன். நான் செய்தவற்றில் மிகக் கெட்டது எது என்று கேட்டால், விலையைச் சொல்லமாட்டேன். அந்த மெருகைத்தான் சொல்வேன்.

என் விரலுக்குப் போட்ட துளைகளை அடைத்து, பையனின் கைக்குப் புதிதாகத் துளைக்க வேண்டும். கடைக்கு நானே கூட்டிப்போனேன். துளைக்கும் இயந்திரத்தின் முனை தோலுக்குள் இறங்கியபோது, துளையின் விளிம்பைச் சுற்றி ஒரு மினுமினுப்பு வந்தது. கடைக்காரர் விரலால் தொட்டுப் பார்த்தார், கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். “பாஞாக் மிஞாக்,” என்றார் என்னைப் பார்த்து. நிறைய எண்ணெய். பையன் அந்தப் பக்கம் சுவரில் அடுக்கியிருந்த புதுப் பந்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பரவாயில்லை, துளையுங்கள் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.

துளைத்து முடித்துக் கையில் வாங்கியபோது பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பந்தைச் சட்டையில் ஏந்திக்கொண்டு, “மாமா, கண்ணாடி மாதிரி இருக்கு” என்றான்.

நான்கு மாதம் அவன் அதில் பழகினான். பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் நிற்பேன். பந்து நேராகப் போனது. சாதாரணப் பூச்சில் ஓரம் காய்ந்திருக்கும்போது மட்டும் கொஞ்சம் திரும்பும். அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவான். மற்ற நேரமெல்லாம் வழுக்கிப் போய்த் தலைப் பின்னின் ஓரத்தில் உரசி, இரண்டு மூன்று பின்களை விட்டுவிட்டு விழும். ஏன் மாமா திரும்ப மாட்டேங்குது என்று கேட்பான்.

பதில் எனக்குத் தெரியும். நான் சொன்னது: “கை பத்தல. விடும்போது மணிக்கட்ட இன்னும் திருப்பு.”

அவன் திருப்பினான். இன்னும் திருப்பினான். கட்டைவிரலின் பக்கவாட்டில் தோல் உரிந்து டேப் ஒட்டிக்கொண்டு ஆடினான். முதலில் அவனிடம் இருந்தது சின்ன வயதுக்கே உரிய இயல்பான வீச்சு. தோள் தொங்கி, ஊசல்போலத் தானாக வரும். திருப்பித் திருப்பி அது போய்விட்டது. தோளை இறுக்கிக்கொண்டு, கடைசி நொடியில் கையைப் பிடுங்குவதுபோல ஆட ஆரம்பித்தான். நான் பக்கத்தில் நின்று, அப்படித்தான், அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

தேர்வுப் போட்டி ஆறு ஆட்டம். பூச்சு நீளமானது, கனமானது. இளையோர் தேர்வில் அப்படி வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முதல் ஆட்டத்தில் மற்ற பிள்ளைகள் மங்கலான, சொரசொரப்பான பந்துகளை எடுத்தார்கள். இவன் கண்ணாடிபோன்ற பந்தை எடுத்தான். அது நாற்பத்தைந்து அடிக்கு மேலும் வழுக்கிக்கொண்டே போனதைப் பின்னாலிருந்து பார்த்தேன். எங்கேயும் பிடிக்கவில்லை. முதல் ஆட்டம் 118. அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் கையைத் திருப்புமாறு சைகை காட்டினேன். ஆறு ஆட்டத்திலும் அவன் 140ஐத் தாண்டவில்லை. கடைசி ஆட்டத்தில் பந்து இயந்திரத்திலிருந்து திரும்பி வந்ததும், எடுப்பதற்கு முன் சட்டை நுனியால் அதைத் துடைத்தான். பந்தை அவன் ஒருநாளும் துடைக்காமல் உருட்டியதில்லை. நான் செய்யாததை அவன் செய்தான்.

போகும்போது காரில் அண்ணன் முன்னால், அவன் பின்னால். யாரும் பேசவில்லை. இறங்கும்போது அவன், “ஸாரி மாமா, நீங்க அவ்வளவு சொல்லிக் குடுத்தும்...” என்றான். அப்போதாவது வாய் திறந்திருக்க வேண்டும். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்றேன்.

அடுத்த ஆண்டு அவன் போகவில்லை. பள்ளித் தேர்வு, டியூஷன் என்று காரணம் இருந்தது. ஒருநாள் அண்ணன் பையோடு பந்தைக் கொண்டுவந்து என் வீட்டில் வைத்தார். வீட்டில் இடத்தை அடைக்கிறது, யாராவது கேட்டால் கொடுங்கள், காசு ஒன்றும் வேண்டாம் என்றார். ஆறு மாதம் அது கூடத்து மூலையில் இருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன்.

ஒரு விடுமுறை நாளில் அதை வெளியே எடுத்தேன். ஏன் அன்றைக்கு என்று சொல்லத் தெரியவில்லை. 500ஆம் நம்பர் தாளைத் தண்ணீரில் நனைத்து, நான் போட்ட மெருகை முதலில் தேய்த்து எடுத்தேன். விரல்துளைகளைத் தண்ணீர் புகாத டேப்பால் மூடினேன். வாளியில் சூடான தண்ணீர், கை வைத்தால் சுடும் பதம். ஐம்பத்தைந்து, அறுபது டிகிரிக்குள் இருக்க வேண்டும், கொதிநீர் ஊற்றினால் பந்து வெடித்துவிடும். பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்டுப் பந்தை உள்ளே இறக்கினேன்.

இரண்டு நிமிடத்தில் ஆரம்பித்தது. பந்தின் தோல் முழுக்கக் கடுகுபோலச் சின்னச் சின்னத் துளிகள் அரும்பின. ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, பிரிந்து, மேலே வந்தன. தண்ணீர் முகத்தில் மஞ்சள் படலம் படர்ந்தது. இருபது நிமிடத்தில் தண்ணீர் ஆறியதும் எடுத்துத் துடைத்தேன், துண்டு வழுக்கியது. தண்ணீரை மாற்றி மறுபடி இறக்கினேன். மறுபடியும் வந்தது. நான்கு வாளி. நான்காவதில்தான் தண்ணீர் தெளிவாக நின்றது. அந்த எண்ணெய் அத்தனையும் என் புதன்கிழமைகளில் சேர்ந்தது. அந்தப் பிள்ளை ஆடிய மாதங்களில் சேர்ந்தது மிகக் கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும், அவன் துடைத்துத் துடைத்து ஆடியவன்.

உலரவிட்டு, மறுநாள் 500, 1000, 2000 என்று வரிசையாக, நாலு பக்கமும் திருப்பித் திருப்பித் தேய்த்தேன். பந்து மங்கிப்போய், பார்க்க அழகில்லாமல் ஆனது. இரண்டு நாளும் சேர்த்துக் கணக்கிட்டால் மூன்று மணி நேர வேலை. செலவு முப்பது ரிங்கிட்டுக்குள். துளைகள் அவன் கைக்குப் போட்டவை, என் விரல் அளவு வேறு. இருந்தாலும் விரலை எப்படியோ நுழைத்துக்கொண்டு லேனில் போய் உருட்டினேன். நாற்பதடி தாண்டியதும் பந்து திரும்பியது. பின்கள் விழுந்த ஓசை, வாங்கிய புதிதில் கேட்ட அதே ஓசை. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பந்து சாகவில்லை. செத்த பந்தை விற்றேன் என்ற குற்றத்தோடு இரண்டு ஆண்டு வாழ்ந்தேன்; உண்மை அதைவிட மோசமாக இருந்தது. நல்ல பந்து ஒன்றைக் கெடுத்து, மூன்று மணி நேரம் செலவழிக்க மனமில்லாமல், அதைக் கெட்ட பந்தாகவே அவன் கையில் கொடுத்திருக்கிறேன்.

அந்த வாரமே போனேன். அண்ணனிடம் வாசலிலேயே சொன்னேன். முழுவதும் சொன்னேன்: எத்தனை ஆட்டம் ஆடியது, மெருகு ஏன் போட்டேன், கடைக்காரர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன். 350 ரிங்கிட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ரொம்ப நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, “என்கிட்ட சொல்லி என்ன தம்பி, அவன்கிட்ட சொல்லுங்க” என்று உள்ளே கூப்பிட்டார்.

பையன் வளர்ந்திருந்தான். புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முழுதும் கேட்டான். கோபப்படுவான் என்று நினைத்துப் போயிருந்தேன். அதற்குத் தயாராக இருந்தேன். அவன் கேட்டது வேறு.

“அப்போ என் கை சரியாத்தான் இருந்துச்சா, மாமா?”

“சரியாத்தான் இருந்துச்சுப்பா. நான்தான் மாத்தச் சொல்லிக் கெடுத்தேன்.”

அவன் தன் வலது கையை விரித்துப் பார்த்தான். கட்டைவிரல் ஓரத்தில் தோல் உரிந்து ஆறிய இடம் இன்னும் கொஞ்சம் நிறம் மாறித்தான் இருக்கிறது. சரி மாமா என்றான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பந்தை அவனிடம் விட்டுவிட்டு வந்தேன். எப்போதாவது நண்பர்களோடு போய் ஆடுகிறான் என்று அண்ணன் சொன்னார். தேர்வுப் போட்டிக்கு அவன் திரும்பிப் போகவில்லை. அந்த வயதுப் பிரிவை இப்போது தாண்டிவிட்டான். அண்ணன் புதன்கிழமைகளில் வருவதை நிறுத்திவிட்டு வேறொரு லீக்கில் சேர்ந்துவிட்டார். பார்த்தால் தலையாட்டுவார்.

என்னிடம் இப்போது மூன்று பந்து இருக்கிறது. ஒன்றை 1000ஆம் நம்பரில் மங்கலாக வைத்திருக்கிறேன், ஒன்று மெருகுடன், மூன்றாவது மீந்து நிற்கும் பின்களை எடுக்க. ஆடி முடித்ததும் பென்ச்சில் உட்கார்ந்து துடைத்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன். ஆட்டங்களை எண்ணி ஒரு நோட்டில் எழுதுகிறேன். பந்து காரில் இருப்பதில்லை, வீட்டுக்குள் வருகிறது.

பழைய பந்தைப் பிள்ளைகளுக்கு விற்கிறவர்களிடம், கொடுக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை ஆட்டம் ஆடியது, கடைசியாக எப்போது தேய்த்தது, எப்போது எண்ணெய் எடுத்தது என்று ஒரு தாளில் உள்ளபடி எழுதிப் பையில் போட்டுக் கொடுங்கள். வாங்குகிற பெற்றோர்களே, அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பந்து பளபளப்பாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.